மோசமில்லை

மூர்ஹெட், மினசோட்டா
2011 மார்ச் 14

அன்புள்ள ஆர்லிஸுக்கு,

இன்று மார்ச் பதினான்காம் தேதி, திங்கட்கிழமை. எனக்கு எண்பத்தோரு வயதும் நான்கு மாதமும் நிறைந்திருக்கின்றன. இதை முதல் வரியிலேயே எழுதக் காரணம், 'நமக்கெல்லாம் எழுபது தாண்டிவிட்டது' என்று நீ என்னையும் உன்னோடு சேர்த்து எழுதியிருந்ததுதான். எழுபதைத் தாண்டியவள் நீ. என்னை உன் வயதுக்கு இறக்கிவைத்து ஆறுதல் தேடிக்கொள்ளாதே.

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பாலைவனத்தில் குளிரே இல்லை என்று ஆண்டுதோறும் எழுதுகிறாய். அதில் உனக்குப் பெருமையா வருத்தமா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. என் இடது இடுப்பு படியேறும்போது மட்டும் முறையிடுகிறது. இங்கே பனி உருகத் தொடங்கி ஆறு ஏறிக்கொண்டிருக்கிறது. கல்லூரிப் பிள்ளைகள் தெருமுனையில் மணல் மூட்டை அடுக்குகிறார்கள். அடுக்கும் முறை தவறு என்று சொன்னேன்; காப்பி தருவீர்களா என்று கேட்டார்கள்.

நீ அனுப்பிய வரைபடமும் பத்திரிகைப் படங்களும் கிடைத்தன. செப்டம்பர் கடைசியில் ஐந்து நாள், உன் மகள் கார்லா வண்டியோட்ட, நாம் இருவரும் வடக்குக் காடுகள் வழியே பெரிய ஏரிவரை போய் இலை நிறம் மாறுவதைப் பார்க்க வேண்டும் என்கிறாய். இலை எதற்காக நிறம் மாறுகிறது என்று உனக்குத் தெரியும். சாகிறது, அதனால் மாறுகிறது. சாகிற இலையைப் பார்ப்பதற்கு ஆறு மாதம் முன்பே விடுதியில் அறை பிடிக்கிறார்கள். சாகிற மனிதரைப் பார்ப்பதற்கு இப்படி யாரும் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்து நான் கண்டதில்லை.

நீங்கள் இருவரும் போய் வாருங்கள். திரும்பி வந்து எழுதினால் படிக்கிறேன்.

கார்லாவுக்கு என் அன்பு.

ராக்னா


டூசான், அரிசோனா
2011 ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

ஆறு உன் வாசலுக்கு வரவில்லையே? செய்தியில் காட்டியபோது உன் தெருவைத் தேடினேன். இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. நான் நலம். இங்கே கள்ளி பூத்திருக்கிறது. கார்லா மினியாப்பொலிஸிலிருந்து வாரம் ஒருமுறை பேசுகிறாள்.

நீ வரவில்லை என்று எழுதியதைப் படித்தேன். ஏற்கவில்லை. இது வெறும் ஊர்சுற்றல் என்று நினைத்துவிட்டாய். எனக்கு வேண்டியது அப்பா போன பாதை. போர் முடிந்து பெட்ரோல் தாராளமாகக் கிடைத்ததும் அவர் நம்மை அழைத்துக்கொண்டு போனாரே, அதே பாதை. முதலில் தட்டையான வயல், பிறகு முதல் பைன் மரம், பிறகு குளம் குளமாக, கடைசியில் ஹெகே குன்று. பின் இருக்கையில் நீ புத்தகத்தோடு. நான் உன் முழங்கையில் இடிபட்டுக்கொண்டு. முன்னால் அம்மா மடியில் காலுறை சுற்றிய காப்பிக் குப்பியும் ஏலக்காய் ரொட்டியும். குன்றின் மேலே போனதும் மேப்பிள் மரங்கள் எல்லாம் தீப்பிடித்த மாதிரி நிற்கும். அம்மா சத்தமில்லாமல் அழுவாள். அப்பா இறங்கிப்போய் விளிம்பில் நிற்பார். வெகுநேரம் நிற்பார். பிறகு 'மோசமில்ல' என்பார். அவ்வளவுதான், திரும்பி வந்து வண்டியைக் கிளப்புவார்.

அக்கா, நார்வேயிலிருந்து வந்த நம் ஆட்கள் வாயில் அதற்கு மேல் ஒரு புகழ்ச்சி கிடையாது என்பது உனக்குத் தெரியும். டுவைன் என்னை மணக்கச் சம்மதமா என்று கேட்டபோது நான் சொன்ன பதிலும் அதே சொல்தான். அவர் மகிழ்ச்சியில் தொப்பியைத் தொலைத்தார்.

ஆகவே ஒரு காரியம் செய்திருக்கிறேன். அந்தக் குன்றில் அப்பா நின்ற இடத்தில் ஒரு மர இருக்கை போட அனுமதி கேட்டு அவ்வூர்ப் பூங்காக் குழுவுக்கு எழுதினேன். இசைந்துவிட்டார்கள். முதுகுப் பலகையில் பித்தளைத் தகடு ஒன்று. அதில் மூன்று வரி:

ஹால்வர் ட்வெய்ட்
இந்த நிறங்களை நேசித்தவர்
'மோசமில்லை'

உயிரோடிருக்கும் பிள்ளைகள் எல்லாரும் கையெழுத்திட வேண்டுமாம். இருப்பது நாம் இருவர். தாளை இணைத்திருக்கிறேன். செப்டம்பரில் அந்த இருக்கையில் நாம் சேர்ந்து உட்கார வேண்டும். நானும் இனி எத்தனை முறை அவ்வளவு தூரம் வரப்போகிறேன்?

குளிரில் வெளியே நின்று கல்லூரிப் பிள்ளைகளைத் திருத்தாதே.

உன் ஆர்லிஸ்


மூர்ஹெட்
2011 ஏப்ரல் 11

அன்புள்ள ஆர்லிஸுக்கு,

ஆறு தெருமுனைவரை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது. மணல் மூட்டைகள் இன்னும் தவறாகவே அடுக்கிக் கிடக்கின்றன. நான் நலம். நீயும் அவ்வாறே இருப்பாயாக.

தாளைத் திருப்பி அனுப்புகிறேன். நான் எங்கே கையொப்பமிட வேண்டும் என்று பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறாய். வாழ்நாள் முழுவதும் லத்தீன் கற்பித்தவளுக்குத் தன் பெயரை எங்கே எழுதுவது என்று தெரியும். எழுதமாட்டேன் என்பதால் அந்த இடம் காலியாக இருக்கிறது.

'மோசமில்லை' என்பது அப்பாவின் பரவசம் என்று எழுதியிருக்கிறாய். அந்தச் சொல்லை அவர் எங்கெல்லாம் சொன்னார் என்று நான் சொல்லட்டுமா? பல் மருத்துவர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய அன்று எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்டதற்கு, வாயில் துணியை வைத்துக்கொண்டே சொன்னார். போதகரின் பிரசங்கத்தைப் பற்றி ஒவ்வொரு ஞாயிறும் சொன்னார். அந்தப் போதகர் எப்படிப்பட்டவர் என்பதை நீயே அறிவாய். புது நீரேற்றிக்குச் சொன்னார். அது ஒரு மாதத்தில் உடைந்தபோது, உடைந்த விதத்துக்கும் சொன்னார். எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரு சொல் எதையும் மெய்ப்பிக்காது. இதை என் முதலாண்டு மாணவர்கள்கூடப் புரிந்துகொண்டிருப்பார்கள்.

அப்பா அந்த நிறங்களை நேசித்ததில்லை. பித்தளையில் பொய்யை வெட்டிவைத்துவிட்டு அதன்மேல் முதுகைச் சாய்த்து உட்கார என்னால் இயலாது. இதற்குமேல் என்னைக் கேட்காதே.

உன் கள்ளி வாடாமல் இருக்கட்டும்.

ராக்னா


டூசான்
2011 மே 29

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலம்தானே? ஈஸ்டர் முழுக்க உன் கடிதம் என் மேசையில் கிடந்தது. தொடுவதற்கு மனம் வரவில்லை. எனக்கு இரத்த அழுத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறதாம். உன்னால் என்று நான் மருத்துவரிடம் சொல்லவில்லை.

நேசிக்கவில்லை என்கிறாய். ஏன் என்று கேட்காதே என்கிறாய். வகுப்பில் இப்படித்தான் கற்பித்தாயா?

அப்பா நம்மை அழைத்துப்போனது எந்தக் காலத்தில் என்று நினைத்துப் பார். உருளைக்கிழங்கு தோண்டும் காலத்தில். பனி விழுவதற்குள் கிழங்கை எடுத்தாக வேண்டும் என்று ஆற்றுச் சமவெளி முழுக்கப் பித்துப் பிடித்தவர்கள் போல் ஓடும்போது, நம் அப்பா ஒருவர்தான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்துப் பண்ணை இங்வால்ட் மோ, ஆராதனை முடிந்து காப்பிக் கூடத்தில் எல்லார் முன்னாலும் கேட்டது எனக்கு இன்றும் காதில் இருக்கிறது.

"என்ன ஹால்வர், கெழங்கு மண்ணுக்குள்ள கெடக்கு, நீ பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு எலை பாக்கப் போறியாமே? எங்க வீட்டுக் கோழிகூட சிரிக்குது."

அப்பா காப்பியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "கெழங்கு எங்கயும் ஓடிடாது, இங்வால்ட். எலை ஓடிடும்."

ஊர் சிரிப்பதைப் பொறுத்துக்கொண்டு ஒரு மனிதர் ஆண்டுதோறும் போனார் என்றால், அதற்குப் பெயர் நேசம் இல்லாமல் வேறென்ன?

உண்மையில் கோளாறு உன்னிடம்தான். தாவரவியல் படிக்கிறேன் என்று பல்கலைக்கழகத்துக்குப் போனாய். ஒரே ஆண்டில் லத்தீனுக்குத் தாவினாய். அங்கே எந்தப் பையன் உன்னை என்ன செய்தானோ, அன்று முதல் மரம் செடி எல்லாம் உனக்கு எதிரி. அந்தக் கோபத்தை அப்பாவின் இருக்கைமேல் காட்டாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆர்லிஸ்


மூர்ஹெட்
2011 ஜூன் 5

அன்புள்ள ஆர்லிஸுக்கு,

உன் இரத்த அழுத்தம் இந்நேரம் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். உப்பைக் குறை. என் இடுப்பு கோடையில் அடங்கியிருக்கிறது.

இங்வால்ட் மோவின் வீட்டில் கோழி இருந்ததில்லை. அவர் சொன்னது பன்றி. பித்தளைத் தகடு அடிக்கும் அளவுக்கு நம்பிக்கையான உன் நினைவில் ஒரு பன்றி கோழியாகியிருக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்.

பல்கலைக்கழகத்தில் எந்தப் பையனும் என்னை எதுவும் செய்யவில்லை. செய்ய ஒருவரும் முன்வரவுமில்லை. அந்த வகையில் நீ நிம்மதியாக இருக்கலாம்.

உனக்கு இருக்கைதான் வேண்டுமென்றால், நான் ஒரு வழி சொல்கிறேன். அம்மாவின் பெயரைப் போடு. அந்தக் காடு அவளுடையது. கிழக்கே மரம் வெட்டுவோர் குடியிருப்பில், ஜன்னலைத் திறந்தால் கிளை உள்ளே வரும் வீட்டில் பிறந்தவளை, கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மரம்கூட இல்லாத சமவெளிக்கு மணமுடித்துக் கூட்டி வந்தார்கள். நம் வீட்டைச் சுற்றி அவள் நட்டதெல்லாம் காற்றில் சாய்ந்து போனது. அவள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. குறை சொல்வது அவள் வீட்டார் வழக்கமில்லை. 'ஸிக்னே ட்வெய்ட், இவற்றைப் பார்த்து அழுதவள்' என்று வெட்டச் சொல். மறு தபாலிலேயே கையொப்பம் அனுப்புகிறேன். நீ பெருக்கல் குறி போட வேண்டியதில்லை.

கார்லா வண்டியை வேகமாக ஓட்டுகிறாளாமே? சொல்லிவை.

ராக்னா


டூசான்
2011 ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

உப்பைக் குறைத்தேன். சாப்பாடு உன் கடிதம் போல் இருக்கிறது. மற்றபடி நலம், நீயும் நலமாயிரு.

அம்மா 1978ஆம் ஆண்டுவரை நம்மோடு இருந்தாள். அவள் பெயரில் சபையில் ஆர்கன் இருக்கிறது, கல்லறையில் பெரிய கல் இருக்கிறது. அப்பாவுக்குப் புல் மூடிய ஒரு சின்னக் கல். முடியாது. இது அப்பாவின் இருக்கை.

கார்லா விடுதிகளில் அறை பிடித்துவிட்டாள். எல்லா இடத்திலும் மூன்று கட்டில். செப்டம்பர் இருபத்து நான்காம் தேதி சனிக்கிழமை காலை உன் வாசலில் வண்டி நிற்கும். நீ ஏறுவதும் ஏறாததும் உன் விருப்பம். மூன்றாவது கட்டிலில் பெட்டியை வைத்துக்கொள்வோம்.

பூங்காக் குழு ஆகஸ்டில் கூடுகிறது. அதற்குள் உன் கையெழுத்து வராவிட்டால், அக்காவுக்கு வயதாகி நினைவு கொஞ்சம் சரியில்லை என்று எழுதிவிட்டால் போதும் என்று கார்லா சொன்னாள். கார்லா சொல்லவில்லை. நான்தான் நினைத்தேன்.

ஆர்லிஸ்


மூர்ஹெட்
2011 ஜூலை 3

ஆர்லிஸ்,

நான் நலம். முழு நலம். இதை இந்த முறை நான் வழக்கத்துக்காக எழுதவில்லை.

என் நினைவு சரியில்லையா? உன் கடிதம் வந்த அன்றே அந்தப் பூங்காக் குழுவுக்கு நானே எழுதினேன். என் வயது, என் பட்டம், நான் பணியாற்றிய பள்ளி, அங்கே என்னிடம் படித்து இன்று நீதிபதிகளாக இருக்கும் இருவரின் பெயர், எல்லாவற்றையும் குறிப்பிட்டு, நினைவு தவறாத நிலையில் இந்தத் தகட்டின் இரண்டாம் வரியை எதிர்க்கிறேன் என்று தெரிவித்தேன். நேற்று குழுத் தலைவர் லைல் புஸ்டாட் என்பவர் தொலைபேசியில் அழைத்தார். பெயரைக் கேட்டதும் நம் ஆள் என்று தெரிந்துவிட்டது. தெரிந்ததும் பாதி நம்பிக்கை போய்விட்டது. நம் ஆட்கள் நேருக்கு நேர் ஒருவரையும் மறுத்துப் பேசமாட்டார்கள்.

முதலில் என் உடல்நலம் கேட்டார். பிறகு என் ஊர் மழை. பிறகு மெல்ல விஷயத்துக்கு வந்தார். "நீங்க சொல்றதும் சரிதாம்மா. உங்க தங்கச்சி சொல்றதும் சரிதான்."

"ரெண்டும் சரியா இருக்க முடியாதே, ஐயா. ஒருத்தர் நேசிச்சிருப்பாரு, இல்ல நேசிச்சிருக்க மாட்டாரு."

அவர் வீட்டு நாய் ஏதோ சாப்பிடுவது கேட்டது. பிறகு அவர் சொன்னார்: "இங்க இப்ப வானிலை மோசமில்ல."

லைல் புஸ்டாட் இறந்த பிறகு, இந்த வானிலையை நேசித்தவர் என்று அவருக்கும் ஒரு இருக்கை போடச் சொல். சான்று என்னிடம் இருக்கிறது.

என்னை மூளை கலங்கியவள் என்று ஊருக்கு எழுதத் துணிந்தவளிடம் எனக்கு வேறு பேச்சில்லை. உன் பெட்டி மூன்றாவது கட்டிலில் சுகமாகத் தூங்கட்டும்.

ராக்னா


மூர்ஹெட்
2011 ஆகஸ்ட் 8

அன்புள்ள ஆர்லிஸுக்கு,

ஜூலை முழுவதும் உன்னிடமிருந்து கடிதமில்லை. பினிக்ஸ் பக்கம் புழுதி சுவர் போல எழுந்து வந்ததாக வானொலியில் சொன்னார்கள். அது உன் ஊர்வரை வந்ததா என்று அவர்கள் சொல்லவில்லை. கார்லாவை அழைத்தேன், அம்மா நன்றாக இருக்கிறாள் என்றாள். பிள்ளைகள் எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள்.

இங்கே அவரை காய்த்துத் தள்ளுகிறது. மாடி வீட்டுக்காரருக்கும் கொடுத்தாகிவிட்டது. இடுப்பு பரவாயில்லை.

கோபம் வேறு, உடல்நலம் வேறு. இரண்டாவதைப் பற்றி ஒரு வரி எழுதலாம். தபால் அட்டை போதும்.

ராக்னா


டூசான்
2011 செப்டம்பர் 1

அக்காவுக்கு,

புழுதி இங்கே வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் அவரைக்காயை உறையவைத்துக்கொள்.

இருக்கை வேண்டாம் என்று திரு. புஸ்டாடுக்கு எழுதிவிட்டேன். நீ வென்றாய். நினைவு சரியில்லை என்று எழுத நினைத்தது தவறு. அதை நான் அனுப்பவில்லை, அனுப்பியிருக்கவும் மாட்டேன்.

ஆனால் ஒன்று மட்டும் கேட்கிறேன். அப்பா இறந்தபோது எனக்குப் பதினோரு வயது. நீ பெரியவள். அவர் உனக்குக் கடிதம் எழுதினார். நீ விடுமுறைக்கு வந்தால் உன்னோடு உட்கார்ந்து பேசினார். என்னிடம் அவர் பேசியது 'கதவை மூடு', 'காலணியைக் கழற்று', இவ்வளவுதான். ஆண்டில் ஒரே ஒருநாள்தான் அவர் எனக்கு யாரோ ஒருவராக இல்லாமல் அப்பாவாகத் தெரிந்தார். என்னிடம் இருப்பது ஒரு குன்று, அதில் அவர் முதுகு, அந்த ஒரு சொல். எழுபத்தோரு வயதுவரை அதை வைத்துத்தான் ஒப்பேற்றினேன்.

அது பொய் என்கிறாய். இருக்கட்டும். பொய்யென்றால் மெய் எது? அதைச் சொல்லாமல் இதை மட்டும் என் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ள உனக்கு உரிமை கிடையாது. நீ மூத்தவளாக இருந்தாலும் கிடையாது.

இருபத்து நான்காம் தேதி நாங்கள் உன் ஊர் வழியாகத்தான் போகிறோம். உன் தெருவில் திரும்பட்டுமா, நேரே போகட்டுமா என்று கார்லா கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஆர்லிஸ்


மூர்ஹெட்
2011 செப்டம்பர் 9

அன்புள்ள ஆர்லிஸுக்கு,

உன் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று உன் கையெழுத்திலேயே பார்த்தபின் எனக்கும் ஒன்றுமில்லை.

கார்லாவைத் திரும்பச் சொல். நான் வாசலில் நிற்பேன். என் இடுப்புக்கு முன் இருக்கைதான் சரிப்படும். நீ பின்னால் உட்கார். பெட்டியை மூன்றாவது கட்டிலிலிருந்து எடுத்துவிடு.

பூங்காக் குழுவிடம் புதுத் தாள் ஒன்று கேட்டு வாங்கிக் கையொப்பமிட்டு இணைத்திருக்கிறேன். இரண்டாம் வரியை அடித்திருக்கிறேன். பெயரும் மூன்றாம் வரியும் இருக்கட்டும். குழுவுக்கு மறுபடியும் எழுது. புஸ்டாட் மறுக்கமாட்டார், அவரால் முடியாது.

நீ கேட்ட கேள்வி நியாயமானது. இந்த ஆண்டு நீ எழுதியவற்றில் நியாயமானது அது ஒன்றுதான். நான் இதைச் சொல்லக்கூடாது என்று ஒருவரிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். அவருக்காக யாரிடமிருந்து மறைத்தேனோ அவளும் போய் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஒப்புக்கொண்டது எப்போது முடிகிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது முடிகிறது என்று நானே வைத்துக்கொள்கிறேன்.

நான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் இலையுதிர் காலத்தில், தாவரவியல் பேராசிரியர் எங்கள் முன்னால் ஒரு கூடை இலைகளைக் கொட்டி நிறவாரியாகப் பிரிக்கச் சொன்னார். நான் பிரித்ததைப் பார்த்து வகுப்பே சிரித்தது. கவனக்குறைவு என்று அவரும் என்னைக் கடிந்துகொண்டார். மறுபடியும் பிரித்தேன்; மறுபடியும் சிரித்தார்கள். அதன்பின் அவர் சிரிக்கவில்லை. தன் அறைக்கு அழைத்துப்போய், வண்ணப் புள்ளிகள் நிறைந்த அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, புள்ளிகளுக்கு நடுவே என்ன எண் தெரிகிறது என்று கேட்டார். எண் எதுவும் எனக்குத் தெரியவில்லை. புள்ளிகள் தெரிந்தன.

ஏரியின் நீலம் எனக்குத் தெரியும். வானம் தெரியும். நீங்கள் சிவப்பு என்பதும் பச்சை என்பதும் எனக்கு ஒன்றுதான், ஆர்லிஸ். நீ எழுதினாயே, மேப்பிள் மரங்கள் தீப்பிடித்த மாதிரி நிற்கும் என்று. அந்தத் தீயை நான் ஒருநாளும் கண்டதில்லை. பின் இருக்கையில் நான் புத்தகம் படித்தது அதனால்தான். எல்லாரும் கூவும்போது எதைப் பார்த்துக் கூவுகிறார்கள் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பதைவிடப் படிப்பது மரியாதையாக இருந்தது. எல்லாருக்கும் அப்படித்தான் தெரிகிறது, மற்றவர்கள் கொஞ்சம் மிகைப்படுத்துகிறார்கள் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். லத்தீனில் சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. அதனால் அதற்குப் போனேன். எந்தப் பையனும் இல்லை.

பேராசிரியர் கெட்டவரல்லர். அட்டைகளை அடுக்கி வைத்துவிட்டு அவர் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஆண்களுக்கு இது பரவலாக வருவது. பெண்களுக்கு மிக அபூர்வம். ஒரு பெண்ணுக்கு வந்திருந்தால் அவள் தகப்பனுக்கும் நிச்சயம் இருக்கும், அது இல்லாமல் அவளுக்கு வர வழியில்லை என்றார். (உன் வழியாக உன் பேரன்களுக்கும் போயிருக்கலாம். கார்லாவிடம் சொல்லி அவள் பையன்களைப் பார்க்கச் சொல்.)

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தேன். மாட்டுக் கொட்டகையில் அப்பா பால் கறந்துகொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்று, பேராசிரியர் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் கை நிற்கவில்லை. அந்தப் பசுவை முடித்து, முக்காலியை அடுத்ததன் பக்கம் நகர்த்திப் போட்டு உட்கார்ந்த பிறகுதான் கேட்டார்.

"அந்தக் குன்று உனக்கு எப்படித் தெரியுது?"

"சாணி மாதிரி."

"எனக்கும்," என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. அப்படியானால் கிழங்கை மண்ணில் விட்டுவிட்டு, ஊர் சிரிக்கச் சிரிக்க, ஆண்டுதோறும் அவ்வளவு தூரம் வண்டியோட்டிப் போய், விளிம்பில் நின்று, பார்த்தது போலத் தலையாட்டி, மோசமில்லை என்று எதற்காகச் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். அம்மாவிடம் உள்ளதைச் சொன்னால் என்ன என்றும் கேட்டேன்.

அவர் வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். அவர் என்னிடம் பேசியவற்றில் அதுதான் நீளமானது.

"உங்கம்மா தனக்குன்னு ஒரு வாய்த் தண்ணிகூடக் கேக்க மாட்டா. காட்டப் பாக்கணும்னு வாயத் தொறந்து கேட்டுருவாளா? எனக்கு ஆசன்னு நெனச்சுக்கிட்டுதான் வண்டியில ஏறுறா. எனக்காகத்தான் வர்றா. நீ சொல்லிடாத, ராக்னா. அவளுக்குத் தெரிஞ்சா அடுத்த வருசம் ரெண்டு பேரும் கெழங்குதான் தோண்டிக்கிட்டு இருக்கணும்."

உன் அக்கா
ராக்னா